முகவரியும் குழூஉக்குறியும்

விழா மலருக்குத் தமிழாசிரியன் ஒருவன் கட்டுரை எழுதுகின்றான் என்றால், சான்றோர் செய்யுட் சுவையோ, கம்பன் கவிநயமோ, சைவமும் தமிழும் ஒன்றையொன்று வளர்த்த வரலாறோ அதிலே இடம்பெறும் என்று எதிர்பார்ப்பது நம் கல்லூரி வழக்கம். அவ்வழக்கைக் குறைகூறுவது என் நோக்கமன்று. யானும் அத்தகைய கட்டுரைகளை எழுதியவனே. ஆயினும் இம்மலரிலே கணினியின் உள்ளகத்தில் நிகழும் ஒரு சிறு செயலைப் பற்றி எழுதத் துணிந்தேன். நினைவகத்தின் முகவரியை அச்சிடுதல் என்பதே அச்செயல். இது பொறியியலார்க்குரிய பொருளன்றோ, தமிழாசிரியனுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்போர் சற்றே பொறுத்தருள்க. கொழும்பிலும் பிறநாடுகளிலும் மென்பொருட்பணி புரியும் நம் பழைய மாணவர்கள் தம் துறைச்சொற்களுக்குத் தமிழ் கேட்டு எழுதுகின்றார்கள். சொல்லுக்குத் தமிழ் கூற வேண்டுமாயின் முதலிற் பொருளை அறிதல் வேண்டும். அவ்வாறு அறியப் புகுந்தவிடத்து, நம் இலக்கண ஆசிரியர் வகுத்த ஒரு வழக்கு அங்கே வேறு பெயருடன் உலவுவதைக் கண்டேன். அதனினும் மேலாக, பெயரும் முகவரியும் அச்சிடும் பழக்கமுடைய நம்மவர் அங்கிருந்து கற்கத்தக்கது ஒன்று உண்டென்றும் எனக்குப் பட்டது.

கணினியின் நினைவகம் எண்ணிட்ட அறைகளின் நெடுவரிசை. ஒவ்வோர் அறைக்கும் உரிய எண்ணே அதன் முகவரி. இக்காலத்துக் கணினிகளிற் பெரும்பாலானவற்றில் அம்முகவரி 64 இருமக் கூறுகளைக் கொண்டது. பதினறும முறையிலே எழுதினால் 16 இலக்கங்கள் வரும். இந்நினைவகத்தை எந்த நிரலுக்கு எவ்வளவு பகிர்வது, எது எப்பொழுது இயங்குவது, வட்டும் வலையமைப்பும் யாருக்குக் கீழ்ப்படிவது என்பனவற்றையெல்லாம் தீர்மானிக்கும் நிரற்றொகுதியை நம் பாடநூல்கள் பணிசெயல் முறைமை என்கின்றன. அதன் நடுவே இருந்து ஆள்வது கருனி. கருனியைக் கைப்பற்றியவன் கணினி முழுவதையும் கைப்பற்றியவனாவான். 1991இல் பின்லாந்து நாட்டு எல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ் என்னும் கருனி இன்று உலகெங்கும் பரந்துள்ளது. அன்ட்ரொயிட் கைப்பேசிகளின் அடியில் இயங்குவதும் அதுவே. ஆகவே டயகமக் கடைத்தெருவில் வாங்கிய மலிவான கைப்பேசியினுள்ளும் இக்கட்டுரைக்குரிய பொருள் இருக்கின்றது.

கருனி இயங்கும்பொழுது தான் செய்வனவற்றையும் தனக்கு நேர்வனவற்றையும் ஒரு பதிவேட்டில் எழுதிக்கொண்டே செல்லும். வழு நேர்ந்தால் அதனைத் தேடிக் களைவோர்க்கு அப்பதிவேடே கைவிளக்கு. ‘இன்ன பொருள் உண்டாக்கப்பட்டது, இன்னது விடுவிக்கப்பட்டது, விடுவித்த பின்னும் இன்னது தொடப்பட்டது’ என்று அது கூறும். இங்கே ‘இன்னது’ என்பதை எவ்வாறு குறிப்பது? பெயரில்லாப் பொருள்கள் ஆயிரக்கணக்கில் தோன்றி மறையும் இடம் அது. ஆகவே அப்பொருள் குடியிருக்கும் நினைவக முகவரியையே அச்சிட்டுவிடுவது நிரலெழுதுவோர் வழக்கமாயிற்று. விழுக்காட்டுக் குறியை அடுத்துப் ‘பி’ என்னும் ஆங்கில எழுத்தை இட்டால் முகவரி அச்சாகும். எளிதான வழி, எழுதுவோர்க்கு ஒரு வினாடியும் வீணாவதில்லை.

இவ்வழக்கத்தில் உள்ள இடரை விளக்குவதற்கு நம் தோட்டத்து லயன்களை விடச் சிறந்த உவமை எனக்குத் தோன்றவில்லை. ஒரே சுவரை இருபுறமும் பகிர்ந்து, ஒரே அளவிற் பத்துப் பன்னிரண்டு அறைகள் ஒட்டி நிற்பது லயன். முதலறை எங்குள்ளது என்று அறிந்தவன் ஏழாம் அறையைக் காண வழிகேட்க வேண்டியதில்லை; காலடியை எண்ணிச் சென்றாற் போதும். கருனியின் நிரற்பகுதியும் அத்தகையதே. அதனுள் எது எதற்கு அடுத்து, எவ்வளவு தொலைவில் உள்ளது என்பது அதே பதிப்பை வைத்திருக்கும் எவரும் அளந்தறியக்கூடியது. நிரலிலே உள்ள யாதாயினும் ஒரு வழுவைப் பயன்படுத்தி நினைவகத்தில் ஓரிடத்தை மாற்றி எழுதும் வாய்ப்பைப் பெற்ற பகைவன், எங்கே எழுதினால் ஆட்சி தன் கைக்கு வரும் என்பதை அறிந்திருத்தல் வேண்டும். லயன் எப்பொழுதும் ஒரே மேட்டில் நின்றால் அவனுக்கு அந்த அறிவு இலவசமாகக் கிடைத்துவிடுகின்றது.

இதனைத் தடுத்தற்பொருட்டு எழுந்ததே இடமாற்றும் முறை. நிரல்களைத் தொடக்குந்தோறும் அவற்றைக் குருட்டாம்போக்கிலே வெவ்வேறிடத்தில் வைப்பது அது. பாக்ஸ் என்னும் குழுவினர் 2001 அளவிலே இதனைச் செய்து காட்டினர். 2005இல் பயனர் நிரல்களுக்கு லினக்ஸ் இதனை ஏற்றது. கீஸ் குக் என்பாரின் முயற்சியால் 2014இல் கருனிக்கும் அது வந்தது. லயன் முழுவதையும் அப்படியே பெயர்த்து, ஒவ்வொரு நாட் காலையிலும் மலையின் வேறொரு மூலையில் வைப்பது போன்ற வித்தை! ஆனால் லயன் முழுவதாகவே பெயர்கின்றது என்பதைக் கவனிக்க. அறைகளுக்கிடையேயுள்ள தொலைவு மாறுவதில்லை. ஆதலின் ஏதேனும் ஓர் அறையின் முகவரி வெளிப்பட்டுவிட்டால் எஞ்சியவை அனைத்தும் அந்தக் கணமே வெளிப்பட்டனவாம். இத்துணைப் பாடுபட்டு இடத்தை மறைத்த கருனி, தன் பதிவேட்டில் தானே அதனை எழுதி வைத்தால் அதனை என்னென்பது?

பதிவேடு உள்ளே இருப்பதுதானே, அதனை யார் பார்க்கப்போகின்றார் என்று நினைப்பதற்கில்லை. நெடுங்காலமாகப் பல கணினிகளில் எந்தப் பயனரும் அதனைப் படிக்கலாம் என்ற நிலையே இருந்தது. அன்றியும், தம் கணினி பழுதானால் அறிந்தோரிடம் உதவி கேட்போர் பதிவேட்டை முழுவதுமாகப் படியெடுத்துப் பலர் காண வைத்துவிடுவர். அதிலே எந்த வரி தீங்கற்றது, எது தீங்குள்ளது என்பது அவர்க்குத் தெரியாது. தெரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் முறையன்று. ஒருவர் கண்ணுக்கென அச்சிட்டது பலர் கண்ணுக்குப் போவது ஏட்டின் இயல்பு. ஆகவே காக்கும் பொறுப்பு படியெடுப்பவனுடையதன்று, அச்சிடுபவனுடையது. இக்கட்டுரையில் யான் வலியுறுத்த விரும்புவது இதுவே.

கருனியை எழுதுவோர் இவ்வுண்மையைத் தாமதித்தே ஏற்றனர். 2011இல் ஒரு திருத்தம் வந்தது. பழைய குறியுடன் ‘கே’ என்னும் எழுத்தையும் சேர்த்து எழுதினால், உரிமையில்லாதவர் படிக்கும்பொழுது முகவரிக்குப் பதிலாகச் சுழியங்களே தோன்றும். நல்ல ஏற்பாடு போலவே தோன்றுகின்றது. ஆயினும் அதிலே இரண்டு குறைகள். காக்க வேண்டிய ஒவ்வோரிடத்திலும் எழுதுவோன் நினைவுகூர்ந்து அவ்வெழுத்தைச் சேர்க்க வேண்டும். கணினியை ஆள்பவரும் அதற்குரிய அமைப்பைத் தாமே சரிபார்த்து இயக்க வேண்டும். நல்லதைச் செய்ய இருவர் நினைவில் வைத்திருக்க வேண்டும், தீயது தானாகவே நடக்கும் என்றால் எது நடக்கும் என்று பள்ளிக்கூடம் நடத்தியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2017ஆம் ஆண்டில் எண்ணிப் பார்த்தபொழுது, வெறும் ‘பி’ குறியால் முகவரி அச்சிடும் இடங்கள் கருனியின் மூலத்தில் ஏறத்தாழ 14,000 இருந்தன!

இரண்டாவது குறை இதனினும் நுட்பமானது. எல்லா முகவரியையும் சுழியமாக்கினால் வழுவைத் தேடுவோன் குருடனாகின்றான். அவனுக்கு வேண்டியது பெரும்பாலும் இடமன்று, அடையாளமே. மூன்றாம் வரியில் விடுவிக்கப்பட்ட பொருளும் நாற்பதாம் வரியில் தொடப்பட்ட பொருளும் ஒன்றா, வேறா? இவ்வினாவுக்கு விடை கிடைத்தாற் போதும், அவன் வழுவைப் பிடித்துவிடுவான். எல்லாம் சுழியமாயின் அவ்விடை எங்ஙனம் கிடைக்கும்?

மலைநாட்டார்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ஒரு பெண்ணின் கூடையை நிறுத்தவுடன் அவளுடைய செக்ரோல் இலக்கத்தின் நேரே எடை பதியப்படுகின்றது. காலையில் நிறுத்த கொழுந்தும் மாலையில் நிறுத்த கொழுந்தும் ஒருத்திக்கே உரியவை என்பதை அவ்விலக்கம் ஐயமறக் காட்டும். ஆனால் அவள் எந்த லயனில் எத்தனையாம் அறையில் இருக்கின்றாள் என்பதை அது காட்டாது. கணக்குக்கு வேண்டியது அந்த இலக்கம், வீட்டு வாசலன்று.

2017ஆம் ஆண்டின் இறுதியில் டோபின் ஹார்டிங் என்பவர் எழுதிய திருத்தம் கருனியுட் சேர்க்கப்பட்டு, 2018 ஜனவரியில் வெளிவந்த 4.15 என்னும் பதிப்பிலே எல்லார்க்கும் கிடைத்தது. அதன் செய்கை மிக எளியது. அந்த 14,000 இடங்களையும் ஒவ்வொன்றாகத் திருத்தாமல், ‘பி’ என்னும் குறியின் பொருளையே மாற்றிவிட்டனர். இனி அக்குறி முகவரியை அச்சிடாது; முகவரியினின்று கணித்தெடுத்த வேறோர் இலக்கத்தையே அச்சிடும். கணினி தொடங்கும்பொழுது குருட்டாம்போக்கிலே ஓர் இரகசியத் திறவு உண்டாக்கப்படுகின்றது. அதனையும் முகவரியையும் கலந்து, 2012இல் ஓமாசன், பேர்ன்ஸ்டைன் என்னும் இருவர் வகுத்த சிப்ஹாஷ் முறையால் அரைத்தெடுத்த மாவே அச்சாவது. அரைத்த மாவிலிருந்து அரிசியை மீட்க இயலாது. ஆனால் அதே முகவரி மீண்டும் வந்தால் அதே இலக்கமே மீண்டும் வரும். 64 கூறுகளில் முற்பாதி சுழியமாகவே அச்சாவதால், இது மெய்யான முகவரியன்று என்பது பார்த்த அளவிலே தெரியும். கணினியை நிறுத்தித் தொடக்கினால் திறவு மாறும், இலக்கங்களும் மாறும்.

இதனைப் படித்தபொழுதுதான் பவணந்தியார் என் நினைவுக்கு வந்தார். தகுதி வழக்கு மூன்றனுள் ஒன்று குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பர். யானைப்பாகர் ஆடையைக் காரை என்பர். தமக்குள் பேசும்பொழுது இன்ன பொருளைப் பற்றியே பேசுகின்றோம் என்பது அவர்க்கு விளங்கும், அயலார்க்கு விளங்காது. பொருளைச் சுட்டாமல் விடுவதன்று, சுட்டிக்கொண்டே மறைப்பது குழூஉக்குறி. சுழியம் இட்டு மூடுவது வாய்மூடி இருப்பதைப் போன்றது. ஹார்டிங் திருத்தம் பறி என்று சொல்வதைப் போன்றது. ஒரு வேற்றுமை மட்டும் உண்டு. பறி என்றால் பொன் என்பது இன்று ஆண்டு ஒன்பது மாணவனுக்கும் தெரியும். ஒருமுறை வெளிப்பட்ட குழூஉக்குறி பின்னர் எவரையும் காவாது. கருனியாரோ இதனை முன்னுணர்ந்தே திறவைச் சேர்த்தனர். திறவின்றி வெறுமனே அரைத்தால், இருக்கக்கூடிய முகவரிகளையெல்லாம் பகைவனும் அரைத்துப் பார்த்து ஒப்பிட்டுவிடுவான்.

இனி எதிர்ப்புக்களையும் கூறுதல் வேண்டும். வழு களைவோர் முணுமுணுத்தனர். அவர்கள் முணுமுணுப்பிலே நியாயமும் இருந்தது. எங்கும் சுட்டாத வெற்றுச் சுட்டு ஒன்று உண்டு. அதன் மதிப்பு சுழியம். வழுக்களுட் பல அதனாலேயே விளைவன. புதிய முறை அதனையும் அரைத்து ஏதோ ஓர் இலக்கமாகக் காட்டியது. நோயாளியின் நாடியைத் துணியாற் சுற்றிவிட்டு மருத்துவனைப் பார்க்கச் சொன்னது போலாயிற்று! 2020இல் இது திருத்தப்பட்டது. வெற்றுச் சுட்டு இரகசியமன்று; அதனை உள்ளவாறே காட்டுவதால் எவருக்கும் இடரில்லை. மறைப்பதிலும் எதை மறைப்பது என்னும் விவேகம் வேண்டும் என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டா.

மெய்யான முகவரியே வேண்டும் என்போர்க்கும் வழி அடைக்கப்படவில்லை. ‘பிஎக்ஸ்’ என்னும் குறி முகவரியை உள்ளவாறே அச்சிடும். ஆனால் அதனை இடுபவர், டோர்வால்ட்சின் சோதனைக்கு ஈடுகொடுக்கத்தக்க காரணம் காட்ட வேண்டும் என்று கருனியின் ஆவணமே எச்சரிக்கின்றது. 2021 முதல், கணினியைத் தொடக்கும்பொழுதே ‘அரைக்க வேண்டா’ எனக் கட்டளையிடும் வசதியும் உண்டு. அவ்வாறு கட்டளையிட்டால் முகவரிகள் அரைக்கப்படாமல் வெளிப்படுகின்றன, இதனாற் கணினியின் காவல் குறையலாம் என்ற பெரிய அறிவிப்பைக் கருனி முதலிலேயே அச்சிட்டுவிடும். நம் இலக்கணத்தில் வழாநிலை, வழு, வழுவமைதி என மூன்று உண்டல்லவா? பசுவை ‘என் அம்மை வந்தாள்’ என்பது திணை வழுவே. ஆயினும் உவப்பு என்னும் காரணம் பற்றி அமைத்துக்கொள்ளப்படும். ‘பிஎக்ஸ்’ ஒரு வழுவமைதி. காரணம் கூறாத வழுவமைதி வெறும் வழுவாகவே எஞ்சும்.

வேறு சிலர், இடமாற்றும் முறையே வலுவற்றது என்பர். கருனி நிரல் அமரக்கூடிய இடங்கள் பொதுவான கணினிகளில் ஏறத்தாழ 500 மட்டுமே. 2018இல் வெளிப்பட்ட மெல்ட்டவுன் போன்ற குறைகள் வன்பொருளின் வழியாகவே மறைவைக் கிழித்தன. கருனி நிலைகுலைந்து விழும் வேளையில் அச்சிடும் பதிவக மதிப்புக்கள் இன்றும் அரைக்கப்படுவதில்லை. இவை யாவும் உண்மை. ஆயினும் கதவு பழையது என்பதற்காகத் திறவுகோலை வாசற்படியில் தொங்கவிடுவார் உளரோ? கதவைப் பழுதுபார்ப்பது வேறு வேலை. அதுவும் நடைபெறத்தான் வேண்டும்.

இவ்விடத்தில் நம் மலருக்கு வருகின்றேன். விழா மலர்களின் இறுதியிலே பழைய மாணவர் பெயர்ப்பட்டியலை வீட்டு முகவரியுடன் அச்சிடுவது நெடுநாள் வழக்கம். முந்நூறு படி அச்சிட்டு முந்நூறு வீட்டு அலமாரியில் வைத்த காலத்தில் அதனால் தீங்கில்லை; நன்மையே மிகுதி. இக்காலத்திலோ மலரின் படி ஒன்று மின்னேடாகி வட்ஸ்அப் குழுக்கள் வழியே ஒரு மாலைக்குள் கடல் கடந்துவிடும். முகவரியும் தொலைபேசி எண்ணும் பிறந்த ஆண்டும் ஒரே வரியில் இருந்தால், பழைய தோழன் எனப் பேசிப் பணம் பறிப்பவனுக்கு அதனினும் வேறென்ன வேண்டும்? 2022இல் நம் நாட்டு நாடாளுமன்றம் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியதும் வீணுக்கன்று. ‘வேண்டாதவர் அறிவித்தால் அவர் முகவரியை நீக்கிவிடுவோம்’ என்று நண்பர் சிலர் கூறுகின்றனர். அது 2011ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழி. நினைவுள்ளவர் மட்டும் தப்புவர். பெயர், பயின்ற ஆண்டு, தொழில், சங்க உறுப்பினர் இலக்கம் ஆகியவற்றை மட்டும் பொதுவாக அச்சிட்டு, முகவரி வெளிவர வேண்டும் என எழுதித் தருபவருடையதை மட்டும் வெளியிடுவதே தக்கது. ஒருவரைத் தேடுபவர் உறுப்பினர் இலக்கத்தைக் குறித்துச் செயலாளருக்கு எழுதட்டும். அவர் அக்கடிதத்தை உரியவர்க்கு அனுப்பட்டும்.

மலைநாட்டவன் ஒருவன் முகவரியை மறை என்று எழுதுவது சிலர்க்கு வியப்பாயிருக்கலாம். தனக்கென ஒரு முகவரி இல்லை என்பதே தோட்டத்து மக்களின் பழைய குறை. கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, பிறர் கைபட்டு, நாட்கழித்து லயனை அடைவதும், நேர்முகத் தேர்வுக்கான அழைப்புத் தேர்வு முடிந்தபின் வந்து சேர்வதும் டயகம கிழக்கிலும் மேற்கிலும் வாழ்வோர் நன்கறிந்த துன்பங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் இலக்கமும் வீதிப் பெயரும் வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. ஆனால் முகவரி இல்லாமையும் முகவரியை அச்சிடாமையும் ஒன்றல்ல. கருனியில் ஒவ்வொரு பொருளுக்கும் திட்டமான முகவரி உண்டு. செய்தி தவறாமற் போய்ச் சேர்கின்றது. ஊர் அறியத்தான் அது அச்சாவதில்லை. நம் மக்களுக்கு இன்னும் முதற்பாதியே கிட்டவில்லை. கிட்டும் நாளில் இரண்டாம் பாதியையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

கணினிப் பாடம் பயிலும் இளையோர்க்கும் ஒரு வார்த்தை. நீங்கள் எழுதும் முதல் நிரலிலிருந்தே பதிவேட்டில் எதை அச்சிடுகின்றீர்கள் என்று பாருங்கள். செயற்கூறு ஒன்றைக் குறிக்க வேண்டுமாயின் அதன் பெயரையும், தொடக்கத்திலிருந்து எத்துணைத் தொலைவில் நின்றது என்பதையும் அச்சிட்டாற் போதும்; கருனியும் இன்று அவ்வாறே செய்கின்றது. கடவுச்சொல், அடையாள அட்டை இலக்கம், பயனரின் பெயர் முதலியவற்றுக்கும் இவ்வொழுங்கே பொருந்தும்.

எஞ்சியது கலைச்சொல். முகவரியைக் காட்டும் மதிப்பைச் சிலர் சுட்டி என்கின்றனர். அச்சொல் நம் நாட்டிலே கையிற் பிடித்து உருட்டும் கருவிக்கு வழங்கிவிட்டமையாற் சுட்டு என்றே கொள்வது நன்று. அரைத்து மறைத்த சுட்டுக்கு ‘குறிச்சுட்டு’ என்பது என் முன்மொழிவு; ‘மறைசுட்டு’ என்பாரும் உளர். அது மறைப்பதை மட்டும் கூறுகின்றதேயன்றி, அடையாளங் காட்டுவதைக் கூறவில்லை என்பது என் தடை. இதனினும் பொருத்தமான சொல்லை அறிந்த அன்பர்கள் எனக்கு எழுதியுதவுக. என் முகவரி மலர்க்குழுச் செயலாளரிடம் உள்ளது.